காலியாகாத கட்டம்

இதற்கு முன் இந்த வாசலைப் பார்த்ததே இல்லை என்பதுபோல உள்ளே போய்விட வேண்டும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்.

நூர்லைலா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பாலங்காராயா நகரில் காலை பத்து மணி. வெயில் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக எதுவோ தேங்கி நின்றது. எதிர்ச்சாரியில் இருந்த பள்ளிவாசலைக் காணவில்லை. அதன் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் வந்தது. காய்ந்த சதுப்பு மண் அடியோடு எரியும் வாசம் முகமூடியைத் தாண்டி நாக்கில் வந்து உட்கார்ந்தது.

பெரும்புகை வந்த அந்த வருஷத்தில் இந்த அறையில் ஐந்து தொட்டில்கள் கிடந்தன. மூச்சு முட்டும் பிள்ளைகளுக்கு இங்கேதான் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது வானிலை அலுவலகத்தின் கணினி அறை. மூன்றாவது தொட்டில் கிடந்த இடத்தில்தான் அவளுக்கு மேசை போட்டிருந்தார்கள்.

மகள் சல்மாவுக்கு அப்போது ஏழு மாதம். பதினோரு நாள் இருந்தாள்.

அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. ஆற்றின் மேற்கரையில், மழைமானியும் தானுமாக எட்டு வருஷம் தனியே கிடந்தவள் நூர்லைலா. புகையின் போக்கைக் கணக்கிடும் இந்தக் கணினி மாடலை மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டால் ஊருக்குள் வேலை. இல்லையென்றால் மறுபடி அங்கேதான்.

"வாங்க அக்கா, உக்காருங்க" என்றான் தாரியுஸ். சொல்லிக் கொடுக்க வந்தவன். அவளைவிடப் பத்து வயது சின்னவன். "பயப்படாதீங்க, கடிக்காது. தப்பா எதையாவது குடுத்தா மட்டும் உறுமும்."

திரையில் மாகாணம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டப்பட்டுக் கிடந்தது.

"ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன எரியுது, காத்து எந்தப் பக்கம் தள்ளுது, மழை எவ்வளவு கழுவுது, வெயில்ல அந்தப் புகை வேற என்னவா மாறுது, எல்லாத்தையும் இதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். மொதப் பாடம் சுலபம். எல்லா நெருப்பையும் அணைச்சிடுங்க."

"அணைக்கறதா?"

"பூஜ்யம் போடுங்க. வெளிய ராணுவமே வந்தும் முடியல. இங்க ஒரே ஒரு வரி."

போட்டாள். மாடல் ஓடியது. நெருப்பில்லாத ஊரின் மேல் காற்று வீசி, மூன்று நாள் கணக்குக்குள் மிச்சப் புகை கடலுக்குப் போய்விட வேண்டும். படம் முழுவதும் நீலமாக வேண்டும்.

ஆயிற்று. ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பாகவே நின்றது.

தாரியுஸ் சிரித்தான். "பழைய ஃபைல்ல இருந்து ஆரம்பிச்சிட்டீங்களா? புதுசா வர்ற எல்லாரும் பண்றதுதான். நானும் பண்ணியிருக்கேன். போன வருஷப் புகைய மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

மறுபடி சுத்தமான காற்றிலிருந்து தொடங்கினார்கள். அரை மணி நேரம் காத்திருந்தார்கள்.

அதே கட்டம். அதே சிவப்பு.

"இது எந்த இடம், தாரியுஸ்?"

அவன் அதன்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்துப் படித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நம்ம கட்டடம்தான் அக்கா." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான். "நான் போய் நாசி குனிங் சோறு வாங்கிட்டு வந்துடறேன். பசியில எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

கதவு சாத்தப்பட்டதும் அவள் அந்த ஒரு கட்டத்தின் எண்களை மட்டும் கோடாக வரையச் சொன்னாள். கோடு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. பிறகு நேராக, வெகுதூரம் நேராகப் போயிற்று. திடீரென்று ஒரே இழுப்பாக உயரத்துக்கு எழும்பியது.

மூன்று சின்னது. ஒரு நிறுத்தம். ஒரு பெரிய இழுப்பு.

அதை அவள் எண்களாகப் பார்த்ததில்லை. உள்ளங்கையில் வைத்திருந்திருக்கிறாள். பதினோரு நாள், அந்தச் சின்ன மார்பின்மேல் கையை வைத்தபடி, நிறுத்தம் வரும்போதெல்லாம் தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தெலோன் எண்ணெய் மணந்தது. குளிப்பாட்டியபின் பிள்ளையின் வயிற்றில் தேய்க்கும் எண்ணெய்.

புகை வராமலிருக்க ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. தாள் மெல்ல உள்வாங்கியது. விட்டது. உள்வாங்கியது. விட்டது. உள்வாங்கியது. விட்டது.

நின்றது.

அவளும் நிறுத்தினாள்.

தாள் மடமடவென்று உள்ளே இழுபட்டது.

ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லவில்லை. ஏதாவது செய், ஏதாவது செய் என்றுதான் கைகள் பதறின. அன்றைக்கும் இப்படித்தான் பதறின. செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மழை வரட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் வந்தது மழை.

இன்றைக்கு மழை அவள் கையில் இருந்தது. அந்தக் கட்டத்தில் மழைக்கான எண்ணைத் தேடி உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள். பெய்யட்டும், கழுவட்டும், என் பிள்ளைக்கு ஒரு வாய் நல்ல காற்று கிடைக்கட்டும்.

சிவப்பு வெளுக்கத் தொடங்கியது. அலைகள் குட்டையாயின. பெரிய இழுப்பு சின்னதாயிற்று. நிறுத்தம் நீண்டது. அடுத்த நிறுத்தம் அதைவிட நீண்டது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. விடுவதற்கு அதனிடம் வேறு மூச்சில்லை. அந்தப் புகைதான் மூச்சு.

"இல்ல இல்ல இல்ல" என்று முனகிக்கொண்டே மழையை அழித்தாள். கோடு நேராகப் போயிற்று. நேராக. நேராக. அவள் திரையின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

கோடு எழும்பியது. ஜன்னல் தாள் சடசடத்தது. அவள் அழுதாள். காப்பாற்றிவிட்டோம் என்றா, மறுபடி அதே புகைக்குள் தள்ளிவிட்டோம் என்றா, அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. சோற்றுப் பொட்டலத்தோடு தாரியுஸ். அவனுக்கு முன்னால் அலுவலகத் தலைவர் வினார்னோ.

"ஜகார்த்தாவுல இருந்து ஆளுங்க ரெண்டு மணிக்கு வந்துடுவாங்க. படம் ரெடியாம்மா?" குனிந்து பார்த்தார். "இதென்ன, மூஞ்சில பரு மாதிரி?"

"ரெண்டு தடவ ஓட்டியாச்சு சார். போக மாட்டேங்குது" என்றான் தாரியுஸ்.

"இதுக்குப் போயா முழிக்கறீங்க? சுத்தி இருக்கற எட்டுக் கட்டத்தோட சராசரிய எடுத்து இதுல போட்டு மூடிடுங்க. எல்லா ஊர்லயும் பண்றதுதானே. பெத்த புள்ளயவா கொல்லச் சொல்றேன்?"

சுற்றியிருந்த எட்டும் நீலம். எட்டும் சுத்தம்.

நூர்லைலா அசையவில்லை.

"என்னம்மா, திரும்ப ஆத்தங்கரைக்கே போய் மழை அளக்கணும்னு ஆசையா இருக்கா?"

தாரியுஸ் அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான். "அக்கா, போட்டுடுங்க. வெறும் நம்பர்தானே." சொல்லிக்கொண்டே திரையின் மூலையைப் பார்த்தவன் குரலை இன்னும் தாழ்த்தினான். "ரன் எப்பவோ முடிஞ்சிருச்சு. முடிஞ்சதுன்னு எழுதியிருக்கு பாருங்க. அப்புறம் கோடு ஏன் வளந்துக்கிட்டே இருக்கு?"

நின்றுபோன கணக்கிலிருந்து மூன்று சின்ன அலைகள் வந்தன. நிறுத்தம் வந்தது.

வினார்னோ திரையை விட்டு ஓர் அடி பின்வாங்கினார். "மூடும்மா. சீக்கிரம்."

நூர்லைலா விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன் சார்" என்றாள், தூங்கும் பிள்ளை விழித்துக்கொள்ளாத குரலில்.