ஆறு நாற்காலிப் படகு

தரையில் கிடந்த பஞ்சுத் தூசி நகர்ந்துகொண்டிருந்தது.

விசிறிக் காற்றாக இருக்கும் என்றுதான் இந்துமதி முதலில் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் ஒரு விசிறியும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கம்பெனியின் மூன்றாவது மாடியில் அவளைத் தவிர ஆள் இல்லை, ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ஆனாலும் பனியன்களைச் சோதிக்கும் நீள மேசைகளுக்கு நடுவே இருந்த நடைபாதையில் அந்த வெள்ளைத் தூசி ஒரே சீராக, மாடிப்படியைப் பார்த்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. மேசைக்கால் குறுக்கே வந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சுழி போட்டு மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது.

அதன் குறுக்கே செருப்புக் காலை வைத்தாள். தூசி அவள் காலையும் சுற்றிக்கொண்டு போனது.

"எங்கியோ சந்துல காத்து வருது," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான், தனக்கு யாரோ ஒரு ஆளின் குரல் தேவைப்பட்டது என்று புரிந்தது.

பதினோரு வருஷமாக அவள் இங்கே எச்.ஆர். மேனேஜர். வேலைக்கு ஆள் எடுப்பதும், ஆளை நிறுத்துவதும், முதலாளி தரணீதரன் வாயால் சொல்லக் கூசுகிறதைத் தன் வாயால் சொல்வதும்தான் வேலை. இந்த மாசம் புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருந்தது. வாரம் ஆறு நாள், ஆர்டர் நெருக்கினால் ஏழு நாள், நின்றுகொண்டே பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பெண்களில் ஆறு பேரைப் பொறுக்கி, குடகு மலைப் பக்கம் பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் ஒரு காட்டாற்றில் ரப்பர் படகில் ஏற்றி, அவர்கள் சிரிப்பதைப் படம் பிடித்து, பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு அனுப்பவேண்டும். தொழிலாளர் நலன். ஆறு பேரில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள், "அந்த ரெண்டு நாள் லீவை ஊருக்குப் போறதுக்குத் தந்தா ஆகாதுங்களா?" இந்துமதி அவள் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பயணம். படகு முகாமிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. ஒவ்வொருவரின் பெயர், வயது, எடை, நீச்சல் தெரியுமா, உடம்புக்கு ஏதாவது கோளாறு உண்டா என்று நிரப்பி இன்று ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். நாளைக்குக் காலையில் பெண்களுக்கு இங்கேயே உட்கார்ந்து பழகப் பயிற்சி. அதற்காக பிளாஸ்டிக் நாற்காலிகளைப் படகு மாதிரியே போட்டாள்: வலது பக்கம் மூன்று, இடது பக்கம் மூன்று, பின்னால் தனியாக ஒன்று, படகோட்டிக்கு. கம்பெனி பெயர் அச்சடித்த ஆரஞ்சு மிதவை ஜாக்கெட்டுகளை ஆறு நாற்காலி முதுகுகளிலும் மாட்டி, கொக்கிகளைப் பூட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தபோது தலையில்லாத ஆறு பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

இடது பக்கம் நடுவில் அபிராமி.

சிவகங்கைப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயசு, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்து கதவோரமாகவே நின்றாள்.

"மேடம், எனக்கு வலிப்பு இருக்கு மேடம். வேலைக்குச் சேரும்போது சொல்லல. மாத்திரை சாப்பிட்டுத்தான் இருக்கேன். ஆனா தண்ணி வெயில்ல மினுமினுன்னு ஆடுனாப் பாக்க முடியாது, வந்துரும். என்னைய மட்டும் விட்ருங்க மேடம்."

இந்துமதி அதைத் தரணீதரனிடம் கொண்டுபோனாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் புள்ளைதானுங்கக்கா போட்டோவுக்கு நல்லாச் சிரிக்குது. மாத்திரைதான் சாப்பிடுதில்ல? இல்லைன்னு போட்டுருங்க."

"சரிங்க சார்," என்றாள். மகள் நித்யஸ்ரீக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது இந்த மனுஷர் போட்ட ஒரு போனால். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு சொல் வாயில் வருவதே இல்லை.

நாலரைக்குப் படகோட்டி அருள்செல்வன் கூப்பிட்டான். கூடலூர்க்காரன், இப்போது குடியிருப்பது குடகில், நிதானமான குரல். இந்துமதி ஸ்பீக்கரைப் போட்டுப் பின்நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதான் என் இடம் மேடம். நீங்க பழகிக்கிட்டா நாளைக்கு நீங்களே அவங்களுக்குச் சொல்லித் தரலாம். துடுப்போட நுனியை விடவே கூடாது. நான் 'குனி'ன்னா எல்லாரும் ஒண்ணாக் குனியணும். தண்ணியில விழுந்துட்டா, ஆழம் கம்மியா இருக்கேன்னு எந்திரிச்சு மட்டும் நிக்கக் கூடாது. கால் பாறைச் சந்துல மாட்டிக்கும், ஆறு ஆளை முன்னால மடிச்சு அமுக்கிடும். மல்லாந்து, காலை முன்னால நீட்டி, வானத்தைப் பாத்துக்கிட்டே போகணும். குப்புறப் போனா..."

அவன் முடிக்கவில்லை. அந்த இடைவெளியில் அவன் குரலுக்குப் பின்னால் ஆறு இரைவது கேட்டது. தொலைவில், கனமாக, நிற்காமல். ஆற்றங்கரையிலேயே நின்று பேசுகிறான்போல என்று நினைத்துக்கொண்டாள். இயந்திர எண்ணெயும் இஸ்திரி ஆவியும் சாயத் துணியும் கலந்து எப்போதும் வீசும் நெடிக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது: குளிர்ந்த பாறை, பாசி, அழுகிய இலை. திருப்பூரில் எந்தத் தண்ணீருக்கும் அந்த வாசனை கிடையாது.

"மேடம், கொஞ்சம் தள்ளி வந்து பேசுறீங்களா? தண்ணிச் சத்தத்துல உங்க குரலே கேக்கலை."

"எனக்கும்தானுங்க. நீங்க ஆத்தை விட்டு மேல வாங்களேன்."

"நான் வீட்டுல இருக்கேன் மேடம்," என்றான் அருள்செல்வன். "ஆறு இங்கிருந்து பதினாலு கிலோமீட்டர்."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு மெல்ல அதைக் கையால் மூடினாள்.

இரைச்சல் குறையவில்லை.

"மழைங்க," என்றாள். "இங்க நல்ல மழை." ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே காய்ந்த மொட்டைமாடிகளும், கொடியில் அசையாமல் தொங்கிய துணிகளும் தெரிந்தன. போனை வைத்தாள்.

எழுந்து ஓடியிருக்கலாம். படிவம் பாக்கி இருந்தது. பயத்தைவிட அந்தப் பழக்கம்தான் அவளுக்குள் பெரிசாக இருந்தது. மேசைக்குப் போய், லேப்டாப்பைத் திறந்து, முதுகை நாற்காலிகளுக்குக் காட்டிக்கொண்டு நிரப்ப ஆரம்பித்தாள். நீச்சல் தெரியுமா: தெரியாது. கோளாறு உண்டா: இல்லை. அடுத்த பெயர். இல்லை. அடுத்த பெயர். இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் பின்னால் இரைச்சல் ஒரு அடி கிட்டத்தில் வந்தது. கணுக்கால் குளிர்ந்தது. கீழே பார்க்கவில்லை. அபிராமியின் வரிசையில் விரல் நின்றது. உண்டு என்று அடித்தால் போதும். முகாம்காரர்களே அவளை வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு சொல்.

இல்லை என்று அடித்தாள். முகாமுக்கு அனுப்பினாள், முதலாளிக்கும் ஒரு நகல்.

பின்னால் பிளாஸ்டிக் கிறீச்சிட்டது.

திரும்பினாள். நாற்காலிகள் போட்ட இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஆறு ஜாக்கெட்டுகளும் உப்பியிருந்தன, உள்ளே நெஞ்சு இருப்பதுபோல. மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கின. ஒன்றாக. ஏறி. இறங்கி. வலது பக்கம் மூன்றும் சாய்ந்தன. பிறகு இடது பக்கம். படகு ஒரு பாறையை விட்டு விலகித் திரும்புகிற சாய்மானம்.

பிறகு எல்லாம் குனிந்தன.

யாரும் சொல்லவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில், நாற்காலி முதுகிலிருந்து பிரிந்து, முன்னால் மடங்கிக் குனிந்தன. இடது பக்கம் நடுவில் இருந்தது மட்டும் நிமிர்ந்தே இருந்தது. விறைத்துப்போய். வெடவெடவென்று உதறிக்கொண்டு.

இந்துமதி அந்த உதறலைப் பார்த்துக்கொண்டே தரணீதரனுக்குப் போன் போட்டாள்.

"சார், அபிராமி வேண்டாமுங்க சார். அந்தப் பேரை எடுத்துடலாமுங்க. ஏதோ ஆகப்போகுதுங்க. எனக்குத் தெரியுது."

"அக்கா, நீங்க அனுப்புன லிஸ்ட்டை இப்பத்தான் பையருக்கு ஃபார்வேர்ட் பண்ணேன். இனிப் பேரை மாத்துனா ஏன்னு கேப்பான். வலிப்பு இருக்கற புள்ளைய எப்படி வேலைக்கு வெச்சீங்கன்னு அடுத்தது கேப்பான். யாரு பதில் சொல்றது? நீங்களா?" சிரித்தார். "நீங்க என்னத்துக்குங்கக்கா பயந்துக்கறீங்க? படகுல ஏறப்போறது நீங்க இல்லியே."

உதறல் இன்னும் நிற்கவில்லை. கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். நித்யஸ்ரீயின் முகம் வந்தது. பள்ளிக்கூடத்தின் கேட் வந்தது.

"சரிங்க சார்."

சத்தம் நின்றது.

இரைச்சல் இல்லை. கிறீச்சு இல்லை. தன் மூச்சுகூடக் கேட்கவில்லை. நாற்காலிகளில் ஐந்து ஜாக்கெட்டுகள் நிமிர்ந்து, தளர்ந்து தொங்கின. இடது பக்கம் நடு நாற்காலி, அபிராமியின் இடம், காலி.

படிக்குப் போக ஒரே வழி. இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடியை எடுக்க முடியவில்லை. வலது கால் வரவில்லை. தரை வெறும் டைல்ஸ். ஒரு விரிசல் இல்லை, ஒரு தடுக்கல் இல்லை. ஆனால் பாதத்தை இரண்டு பக்கமும் பாறை கவ்வியிருந்தது. இழுத்தாள். இறுகியது. முதுகில் என்னவோ அழுத்தியது, கனமாக, சில்லென்று, அவளை முன்னால் மடித்துக் குனிய வைத்தது.

அப்போதுதான் அது வந்தது.

இடுப்பு உயரத்தில். தரையைத் தொடாமல். ஆரஞ்சு ஜாக்கெட், கொக்கிகளெல்லாம் பூட்டியபடி, குப்புற, மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டு, மேசைகளுக்கு நடுவே வெறும் காற்றில் மிதந்து வந்தது. ஒரு மேசை முனையில் இடித்து, ஒதுங்கி, மறுபடி ஓட்டத்துக்கு வந்தது. அதன் கழுத்திலிருந்து நீளமாக ஈர முடி விரிந்து, காற்றில் அலைந்தது.

அவள் தொடையில் வந்து முட்டி நின்றது.

பிறகு மல்லாக்கத் திரும்ப ஆரம்பித்தது.