கமாவுக்குப் பின்னால் ஒரு வரி

ஒரூரோ நகரக் கல்லறை அலுவலகத்துக்கு அன்றும் வழக்கம்போலத்தான் வந்தேன். அனைத்துப் புனிதர் நாள். நண்பகலுக்கு இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்று ஊரே ரொட்டிப் பொம்மைகளும் படையல் தட்டுமாய் வாசலில் நின்றது. எந்தச் சுவர்க் கல்லறை மாடத்தில் யார் கிடக்கிறார் என்பது அதற்குள் கணினியில் தெரிந்தாக வேண்டுமாம். மேலிடம் ஆறப்போட்ட வேலை, எங்கள் தலையில் விடிந்தது.

கூட வேலை பார்க்கும் நியெவெஸ் அதுவிரி இருப்புக் கொள்ளாமல் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். தங்கை டெலியா பிரசவ வார்டில். இரண்டு முறை கலைந்த வயிறு. இதாவது தங்க வேண்டும்.

"ஒவ்வொரு பேரா ஏத்துனா பொழுது சாஞ்சிரும். ஒரே இன்சர்ட் கட்டளையில மொத்தமா தள்ளு," என்றேன்.

"தெரியும். நீ வாய மூடு."

அடைப்புக்குறிக்குள் ஒரு ஆள், பிறகு கமா, அடுத்த ஆள். கடைசி ஆளுக்குப் பின் கமா வரக்கூடாது. அவசரத்தில் போட்டுவிட்டாள்.

நான் சிரித்தேன். "இன்னைக்குப் பார்த்து இன்னொருத்தருக்கும் தட்டு வச்சிட்டியே!"

அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள். பிழை என்று சீறியிருக்க வேண்டும்.

சீறவில்லை. ஏற்றுக்கொண்டது.

வெளியே பன்னிரண்டு மணி அடித்தது. மூடிய அறைக்குள், மாடத்தை அடைக்கப் பூசும் ஈரச் சுண்ணாம்பின் வாசனை.

அட்டவணையின் அடியில் நாங்கள் தட்டாத ஒரு வரி. பெயர் இல்லை. குடும்பப் பெயர்கள் மட்டும்: வில்கா அதுவிரி.

எங்கள் ஊரில் பிள்ளைக்கு முதலில் அப்பன் வழிப் பெயர், பிறகு அம்மா வழி. டெலியாவின் புருஷன் இஸ்மாயேல் வில்கா. இந்த இரண்டு பெயரும் சேர்ந்த ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவே இல்லை.

நியெவெஸ் வரியை அழித்தாள்.

வந்தது.

மறுபடி அழித்தாள்.

வந்தது.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

போன் அடித்தது. நியெவெஸ் ஸ்பீக்கரில் போட்டாள். குழந்தையின் அழுகை, அதற்கு மேல் இஸ்மாயேலின் குரல். "மதினி! பொண்ணு! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!"

"இஸ்மாயேல், கேளு. பேரு வைக்காத. இன்னைக்கு வேணாம்."

"அதெல்லாம் வச்சாச்சு மதினி. ரொசாவுரா!"

விசைப்பலகையில் யார் கையும் இல்லை. காலியாய் இருந்த கட்டத்தில் எழுத்து எழுத்தாகப் பெயர் விழுந்தது.

போனில் அழுகை நின்றது.

"பாருங்க," என்று இஸ்மாயேல் பூரித்துப்போய் சொன்னான். "பேரு சொன்னதுமே கப்புனு அடங்கிட்டா. எனக்குப் பின்னால யாரையோ பார்த்து சிரிக்கிறா மதினி. இங்க நான் மட்டுந்தானே நிக்கிறேன்."