டெஸ்ஸாவுக்குக் கிடைத்தது, மார்லிக்குக் கிடைக்காதது

"இத எடுத்துட்டுப் போ," என்றாள் வெர்னா. "இனிமே உன் கையால செஞ்சது எதையும் நானும் தின்ன மாட்டேன், என் பொண்ணும் தின்ன மாட்டா."

கோரின் சோள ரொட்டித் தட்டை எடுக்கவில்லை. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். மேசையின் மறுமுனையில் அவள் கணவன் டெல்பர்ட் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்திருந்தான். வெர்னா அவனுடைய அக்கா, அதே வீட்டில் இருப்பவள். அவள் பேசும்போது அவன் வாயைத் திறந்ததாக அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

முந்தின நாள் மாலை மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. கோரினின் மகள் டெஸ்ஸாவுக்கு, தேர்ந்தெடுத்த சில மாணவர்களுக்கு மட்டுமான ஆனர்ஸ் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. வெர்னாவின் மகள் மார்லிக்குப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இடம். அவளுடைய ஆனர்ஸ் விண்ணப்பம் முழுமையாக வந்து சேரவில்லை, அதனால் பார்க்கவே இல்லை என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார்கள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. மார்க்கில் எப்போதும் மார்லிதான் ஒரு படி மேலே.

வெர்னா விடிந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். மாணவியோடு மட்டும்தான் பேசுவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மார்லி போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஸ்கூல்லேருந்து போக வேண்டியது ஏதோ போகலயாம்."

பள்ளியில் மேற்படிப்பு ஆலோசகரின் அலுவலகத்தில் மார்க் பட்டியல்களையும் ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்களையும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிற வேலை கோரினுடையது.

"உன் பொண்ணோடது மட்டும் எப்படிப் போச்சு?" வெர்னாவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு கவரும் உன் மேசைமேலதான இருந்துச்சு? என் பொண்ணு முன்னால நின்னா உன் பொண்ணு தெரிய மாட்டான்னு ஒதுக்கிட்ட, இல்ல?"

கோரின் மார்லியைப் பார்த்தாள். மார்லி நிமிரவே இல்லை.

"நான் அப்படிச் செய்யல, அண்ணி."

"அப்ப என்ன போகல? சொல்லு."

கோரினுக்கு அந்தப் பதில் தெரியும். டிசம்பர் முதல் தேதி, விண்ணப்பக் கெடு முடிந்த மறுநாள், துணி துவைக்கும் அறையில் மார்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாள். "நான் ஆனர்ஸ் விண்ணப்பத்துக் கட்டுரைய அனுப்பல, அத்தை. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்லிடறேன், கொஞ்சம் டைம் குடுங்க." ஏன் அனுப்பவில்லை என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று கோரின் வாக்குக் கொடுத்துவிட்டாள். மார்லியும் இதுவரை சொல்லவில்லை.

இப்போதும் கோரின் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தையே வெர்னா ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

சுரங்க விபத்தில் புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு வயது மார்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெர்னா இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கோரினுக்கு மணமாகி மூன்று வருஷம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை கிடைத்தது வெர்னாவுக்கு. பகலில் அவள் தூங்குவாள். ஆகவே இரண்டு குழந்தைகளுக்கும் தலை வாரியது, காய்ச்சலில் விழித்திருந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தது எல்லாம் கோரின்தான். அதை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

ஆனால் அந்த வாரம் தேவாலயத்தில் பெண்கள் கூடுகிற புதன்கிழமை வெர்னா எல்லாரிடமும் சொன்னாள். சொந்த நாத்தனாரின் பிள்ளையைக் கவிழ்த்தவள் என்று. வெள்ளிக்கிழமை கடையில் கோரினைக் கண்டதும் இரண்டு பெண்கள் சாமான் வண்டியை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்று மாலை வெர்னா பள்ளி முதல்வருக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள்.

"திங்கட்கிழமை கொண்டுபோய்க் குடுக்கப் போறேன். அந்த மேசைல நீ இனிமே உக்கார மாட்ட."

அதையெல்லாம் கோரின் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது டெல்பர்ட்டிடமிருந்து வந்தது. கொட்டகையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைப் பாராமல் கேட்டான்: "நெஜமா சொல்லு. அனுப்பினியா, இல்லையா?"

கோரின் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். "பத்தொம்பது வருஷம் என்கூட வாழ்ந்துட்டு இதக் கேக்கறியா?"

"அக்கா சொல்றா..."

"அக்கா சொல்றாங்க. நீ என்ன சொல்ற?"

அவன் மறுபடி கட்டைகளை அடுக்கத் தொடங்கினான். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை, இடம் கிடைத்தவர்களையும் பெற்றோரையும் ஆனர்ஸ் பிரிவு அழைத்திருந்தது. கோரினும் டெஸ்ஸாவும் மட்டும் இரண்டரை மணி நேரம் மலைச்சாலையில் போனார்கள். பொறுப்பாளராக இருந்த நரைத்த தலைப் பேராசிரியை வாழ்த்துச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை.

"இங்க இருக்கற ஒவ்வொருத்தரும் உங்க ஊர்ல முதல் மாணவர். அக்டோபர் மாசம் உங்கள்ல பாதிப் பேர் வாழ்க்கையில முதல் தடவையா சி கிரேடு வாங்கிட்டு என் அறைக்கு அழுதுட்டு வருவீங்க. வாங்க. டிஷ்யூ வெச்சிருக்கேன்." கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வகுப்புல பதினஞ்சு பேர்தான். படிக்காம வந்தா ஒளிஞ்சுக்க இடம் கிடையாது. நாலுக்கு எடுக்கற சராசரி மூணரைக்குக் கீழ போனா ஒரு செமஸ்டர் அவகாசம், அப்புறம் வெளிய. நாலாவது வருஷம் சொந்தமா ஒரு ஆய்வேடு எழுதி, மூணு பேராசிரியர் கேக்கற கேள்விக்கு நின்னு பதில் சொல்லணும். அதுக்கு ஈடா, உங்க பேரு, உங்க ஊரு, உங்களுக்கு எது புரியலன்றது எல்லாம் இங்க ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும். பெரிய பல்கலைக்கழகத்துல அது சின்ன விஷயமில்ல."

டெஸ்ஸா கோரின் பக்கம் சாய்ந்தாள். "என்னால முடியுமாம்மா?"

"முடியலன்னா அந்த அம்மா அறைல போய் அழு. அதான் கூப்பிடறாங்களே."

எல்லாரும் விடுதியைப் பார்க்கக் கிளம்பியபோது கோரின் பேராசிரியையிடம் போய் நின்றாள். இந்த வருஷம் விட்டுப்போன பிள்ளைக்கு வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

"உண்டே. முதல் வருஷம் இங்கயே நல்லாப் படிச்சு, ஒரு பேராசிரியர்கிட்ட கடிதம் வாங்கிட்டா ரெண்டாம் வருஷம் சேர்ந்துக்கலாம். எங்க பிள்ளைங்கள்ல நெறையப் பேர் அப்படி வந்தவங்கதான்." விவரம் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் டெஸ்ஸா வெடித்தாள். "உன்ன ஊரெல்லாம் நாறடிக்கறாங்க. நீ அவங்க பொண்ணுக்குத் தாள் வாங்கிட்டு வர. உனக்குக் கோபமே வராதாம்மா?"

"வருது," என்றாள் கோரின். "மார்லிமேல வரல."

வீட்டில் வெர்னா சமையலறை மேசையில் புகாரைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். டெல்பர்ட் ஜன்னலோரம் நின்றான். மார்லி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கோரின் தாளை மேசைமேல் வைத்துப் பேராசிரியை சொன்னதைச் சொன்னாள்.

வெர்னா அதைப் படிக்கவில்லை. நான்காகக் கிழித்தாள். "மொத்தமா பறிச்சுட்டு, பிச்ச போடறியா?"

"அப்ப எனக்கும் அந்த இடம் வேண்டாம்," என்று டெஸ்ஸா கத்தினாள். "இன்னிக்கே எழுதிப் போட்டுடறேன். சந்தோஷமா, அத்தை? எங்கம்மாவ விடுவீங்களா?"

"டெஸ்ஸா, வாய மூடு," என்றாள் கோரின்.

"நான்தான் அனுப்பல."

படிக்கட்டிலிருந்து வந்த அந்தக் குரல் யாருக்கும் முதலில் பிடிபடவில்லை. மார்லி எழுந்து நின்றாள்.

"ஸ்கூல்லேருந்து எல்லாம் போயிடுச்சு. நான் எழுத வேண்டிய கட்டுரையத்தான் அனுப்பல. போன்ல சொன்னதா நான் சொன்னது பொய். அத்தைக்கு டிசம்பர்லயே தெரியும். நான் கெஞ்சினதால சொல்லல."

வெர்னா பேனாவை வைத்தாள். "ஏன் அனுப்பல?"

மார்லி ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

"கேக்கறேன்ல. ஏன்?"

"'உன்ன ஆளாக்கினது யாரு?'ன்னு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தாங்க." மார்லி தாயைப் பார்த்தாள். "நீ படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பணும்னு சொல்லியிருந்த. நான்... அத்தையப் பத்தி எழுதியிருந்தேன்மா. மாத்தி எழுதப் பாத்தேன். வரல."

வெர்னாவின் முகம் ஒரே நொடியில் பத்து வயது கூடிப்போனதுபோல் தொய்ந்தது. ஆனால் குரலில் இன்னும் விஷம் இருந்தது. "கொண்டா அத. படி. எல்லாரும் கேக்கட்டும்."

"வேண்டாம், மார்லி," என்றாள் கோரின்.

"எனக்கு உன் இரக்கம் ஒண்ணும் வேண்டாம்."

"இரக்கமில்ல அண்ணி." அந்த வீட்டில் முதல்முறையாகக் கோரினின் குரல் உயர்ந்தது. "என் பேர நீங்க நாசம் பண்ணீங்க. என் வேலைக்கு உலை வெக்கப் பாத்தீங்க. உங்கமேல எனக்கு இரக்கமே இல்ல. ஆனா பெத்த பொண்ணு வாயால அதக் கேட்டா, நீங்களும் தாங்க மாட்டீங்க, படிச்ச பாவத்த அவளும் தாங்க மாட்டா. பதினாறு வருஷம் முதுகு ஒடிய ராத்திரி வேலை பாத்தது யாரு? நீங்க பாத்தீங்க. அவ கூட இருக்க எனக்கு நேரம் இருந்துச்சுன்னா, அது நீங்க குடுத்த நேரம். அதையும் சேத்து எழுதத் தெரியாத வயசு அவளுக்கு."

பிறகு டெல்பர்ட் பக்கம் திரும்பினாள். "நீ கேட்டதுக்குப் பதில் கிடைச்சுதா?" அவன் அவளை நோக்கி ஓரடி வைத்தான். அவள் விலகி மாடிக்குப் போய்விட்டாள். அவனோடு அவள் மறுபடி பேச மூன்று வாரம் ஆயிற்று.

வெர்னா அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. புகாரை மட்டும் அடுப்பில் போட்டாள். அவளும் மார்லியும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே இரண்டு பேர் அழுகிற சத்தமும், இடையிடையே வெர்னா ஏதோ கேட்கிற சத்தமும் வந்தது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று கோரின் பிற்பாடும் கேட்கவில்லை.

மறுநாள் தேவாலயத்தில் கோரின் டெஸ்ஸாவோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் வரவில்லை. பாட்டு முடிந்து, மனதில் இருப்பதைச் சபைமுன் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் எழலாம் என்று போதகர் சொன்னதும் முன்வரிசையில் வெர்னா எழுந்தாள். அவள் அங்கே எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"புதன்கிழமை என் தம்பி பொண்டாட்டியப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்," என்றாள். "அது பொய். தப்பு என் வீட்டுல, என்கிட்ட இருந்துச்சு. அவமேல போட்டேன். நீங்க அதக் கேட்டுட்டு அவகிட்ட முகம் திருப்பினீங்க. இப்ப இதையும் கேட்டுக்கங்க. எம் பொண்ண வளத்தது அவ. அதச் சொல்ல எனக்கு இவ்வளவு வருஷம் வாய் வரல."

வெர்னா தன் இடத்தில் மறுபடி உட்காரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க நடுப்பாதையில் பின்பக்கம் நடந்து வந்தாள். மார்லி அவள் பின்னால் வந்தாள். வெர்னா கடைசி பெஞ்சருகே நின்று, கோரினின் முகத்தைப் பார்க்க முடியாமல் எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றாள்.

கோரின் உடனே நகரவில்லை. பிறகு டெஸ்ஸாவின் கையைத் தொட்டு, மெல்லத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.