நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை

நிலவூரில் பந்திக்கு உட்காருமுன் எல்லோரும் 'உள்நோக்கி' என்ற வளைவைக் கடந்தாக வேண்டும். அது அவரவர் இரைப்பையை ஒரு நொடி பார்த்து, யாருக்கு எத்தனை கரண்டி சோறு தாங்கும் என்று பரிமாறும் இயந்திரத்திடம் ஓதிவிடும். படத்தை யாருக்கும் காட்டாது. அன்று கல்யாணத்தில் காட்டியதற்கு முழுப் பொறுப்பும் மணப்பெண்ணின் தாய்மாமன் தனுஷ்கோடிதான்.

மணமக்களோடு எடுத்துக்கொண்ட படத்தை மண்டபச் சுவரில் ஒளிரவிட ஆசைப்பட்டு, மணிக்கட்டுச் சில்லை எங்கேயோ தட்டிவிட்டார். சுவர் நிறைய, வளைவு எடுத்திருந்த அவருடைய உட்புறம் வந்து நின்றது. பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இரைப்பையின் ஒரு பகுதி, வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி, இதயத்தின் பக்கத்தில், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைபோலச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. நிஜத்தில் எலுமிச்சை அளவு, சுவரில் பூசணி.

தனுஷ்கோடி கடித்த வடையோடு சுவரையே பார்த்தார். எடை குறைந்த நிலவில் இரைப்பை மார்புக்குள் ஏறுவது சகஜம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடையது ஏறக்குறைய முழுவதுமே ஏறி, முறுக்கிக்கொண்டு, அவரைப் பட்டினி போட்டது. எறும்புக்கரங்கள் என்ற இயந்திரங்கள் சாவித்துளை அளவுத் துவாரங்கள் வழியே புகுந்து அதைக் கீழே இழுத்து, உதரவிதானத்தின் திறப்பைத் தைத்துவிட்டு வந்தன. அன்றிலிருந்து அவர் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டாத விசேஷம் கிடையாது. நிலவூரில் பாதிப்பேர் அவரைப் பார்த்துத்தான் அந்தச் சிகிச்சைக்குத் துணிந்தார்கள்.

கையிலிருந்த வடை முடிவதற்குள் நெஞ்சு எரிய ஆரம்பித்தது.

மூன்று தலையணை வைத்துப் படுத்தார். கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. படத்தை மட்டும் ஓயாமல் எடுத்து எடுத்துப் பார்த்தார். திரும்ப அறுக்கலாமா என்று வீட்டு மருத்துவ இயந்திரத்தைக் கேட்டால், அது சதவீதங்களாகப் பொழிந்தது. ஒன்று மட்டும் புரிந்தது: பழைய தையல் ஒட்டிக்கிடக்கும் இடத்தில் இந்த வயதில் மறுபடி கை வைத்தால், உயிரோடு எழுவார் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அப்படியும் அறுத்தே தீருவது என்று பிடிவாதம் பிடித்தார். அவர் மனைவி வேதவல்லி பேசுவதை நிறுத்திவிட்டு, தானும் கஞ்சி குடிக்கத் தொடங்கினாள். அதுதான் அவரை அதிகம் கலக்கியது.

முதலில் அறுவை செய்த மருத்துவர் ஜெசிந்தா அவரை முழுக்கச் சோதித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். முகம் மாறவே இல்லை. வளைவின் நினைவகத்தைத் திறந்து, இரைப்பை நான்காம் ஆண்டே இந்த அளவுக்கு ஏறிவிட்டதையும் அதன்பின் அசையாததையும் காட்டினார். எட்டு வருடமாக ஒவ்வொரு பந்தியிலும் வளைவு பார்த்திருக்கிறது. நன்றாக இருப்பவரைப் பயமுறுத்தக் கூடாது என்பது அதற்கு விதி. அந்த எட்டு வருடத்தில் எரிச்சல் உண்டா, மூச்சு வாங்கியதா என்று கேட்டார். எதுவும் இல்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, குறட்டைக்கு வேதவல்லி சாட்சி சொன்னாள்.

"சதவீதமெல்லாம் வேணாம் டாக்டர்" என்றார் தனுஷ்கோடி. "ஆபரேஷன் கெட்டுப்போச்சா, இல்லையா? நேரா சொல்லுங்க."

ஜெசிந்தா படத்தை அணைத்தார்.

"படத்துல கெட்டுப்போச்சு சார். உங்களுக்கு ஒண்ணும் கெட்டுப்போகல. உங்க படத்தைக் கல்யாணத்துல பாத்தவங்க முப்பது பேர் நெஞ்சு எரியுதுன்னு வெளிய உக்காந்திருக்காங்க. அதுல பாதிப்பேருக்கு நான் ஆபரேஷனே பண்ணல. உங்க எரிச்சல் நிஜம்தான். ஆனா அதுக்கு நான் அறுக்க வேண்டிய இடம் உங்க உடம்புல எங்கயும் இல்ல. கத்தி வேண்டாம். அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேரும் சோறு சாப்பிடுங்க."