பெல்ட்டுக்குப் பழக்கிய கை

வேலை முடிந்ததும் முதுகில் ரெண்டு தட்டு. அது டைப்பிஸ்டம்மாவின் வழக்கம். இருபத்தாறு வருடமாகக் கணவரின் இடுப்பை அமுக்கிவிட்டு, ‘போதும், சட்டையைப் போடுங்க’ என்று வாயால் சொல்வதற்குப் பதில் தட்டுகிற தட்டு. அன்று மாலை ஐந்தரைக்கு, அவள் சமையலறையில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து அதே தட்டு கேட்டது. தப். தப்.

கூடத்தில் அவரும், அவர் இடுப்பில் கட்டியிருந்த அந்த மசாஜ் பெல்ட்டும் மட்டும்தான்.

முப்பது வருடம் பஸ் ஓட்டி இடுப்பைத் தொலைத்த மனுஷர். பெல்ட்டைக் கட்டிவிட்ட பிசியோ பெண் போன மாதம் இவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்: “அம்மா, ஒரு வாரம் இதுக்கு மேலேயே நீங்க எப்பவும் போல அமுக்கி விடுங்க. உங்க கையைப் பார்த்து இது கத்துக்கும். அப்புறம் நீங்க கஷ்டப்பட வேண்டாம்.” இவளும் வேலைமெனக்கெட்டு ஒரு வாரம் கற்றுக்கொடுத்தாள். சக்களத்திக்குத் தானே உட்கார்ந்து பாடம் எடுத்தாள், பாவி!

அதற்குப் பிறகு அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தினம் ஐந்து மணிக்கு அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், பெல்ட் மெல்ல முனகும், தைல வாசனைக்கு நடுவே “ஹா...” என்று ஒரு பெருமூச்சு வரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் அவளுக்கென்று கொடுத்த ஒரே கொஞ்சல் அந்தப் பெருமூச்சுதான். அதை ஒரு துணிப்பட்டை தட்டிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டு பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்துப் பார்த்தாள். வலி பத்துக்கு எவ்வளவு என்று பெல்ட்டோடு வந்த செயலி தினமும் கேட்கும், அவரும் ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தார். இவள் கை அமுக்கிய வாரம் ஆறு, ஆறு, ஏழு. பெல்ட் தனியாக அமுக்கிய நாட்கள் மூன்று, இரண்டு, இரண்டு.

“என் கைக்கு ஆறா போட்டீங்க?”

“கோவிச்சுக்காதேம்மா. அச்சு அசல் உன் கை மாதிரியேதான் இருக்கு. ஆனா அலுத்துக்காம அமுக்குது.”

அலுத்துக்கொண்டாளாம்! எந்த நாள் அலுத்துக்கொண்டாள்?

மறுநாள், “அது சரியாவே பழகல, திரும்ப சொல்லிக் கொடுக்கறேன்” என்று அவளே பெல்ட்டைக் கட்டினாள். பழக்கும் பொத்தானை அழுத்தினாள். முட்டியை மடக்கி எலும்போரமாகக் குத்தினாள், நகத்தை இறக்கினாள், நாசமாப் போ, நாசமாப் போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பெல்ட்டின் குரல்வளையைப் பிடிப்பதுபோல் நெரித்தாள்.

“ஏய், உயிர் போகுதுடி!”

“கொஞ்சம் பொறுங்க.”

கற்றுக்கொண்டாயிற்று என்று பெல்ட்டில் பச்சை விளக்கு எரியும்வரை விடவில்லை. அன்றைக்கு அவர் போட்டது ஒன்பது. நாளைக்கே தூக்கி எறிந்துவிடுவார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் ஐந்து மணி. ஜன்னலில் நல்ல வெயில். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெல்ட்டைத் தொடக்கூட இல்லை. அது மேஜையில், சார்ஜரில் கிடந்தது. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். நாலடி தூரம்.

முனகல் கேட்டது.

“அட, இன்னிக்கு நீயே வந்துட்டியா” என்றார் அவர், திரும்பாமலேயே.

நான் இங்கே இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அவர் இடுப்புச் சதை உள்ளே அமுங்கியது. விரல் விரலாக. பத்துக் குழி. யாரும் இல்லை. குழிகள் முதுகெலும்பின் ஓரமாக மேலே ஏறின. நிதானமாக. ஏறிய இடமெல்லாம் நகக்கீறல்.

“ஹா...” என்றார். “இதுதாம்மா கை! இன்னும் கொஞ்சம் மேல.”

தோள். பிடரி. குரல்வளை.

அவள் மடியைப் பார்த்தாள். பத்து விரலும் வளைந்து, வெறும் காற்றைப் பிடித்திருந்தன. பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இறுகின.

“உன் கை...” அவர் குரல் கரகரத்தது. “உன் கைதான்...”

கேட்டாள். எத்தனை நாளாகக் காத்திருந்த சொல்! நெஞ்சு குளிர்ந்துவிட்டது அவளுக்கு. அந்தக் குளிர்ச்சி தோள் வழியாக இறங்கி விரல்களுக்கு வந்தது.

அவர் கால்கள் தரையை உதைத்தன. காது மடல் நீலமாயிற்று.

விரல்கள் இன்னும் ஒரு சுற்று இறுகின. அவள் பிரிக்கப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.