மஞ்சள் பல்பின் கீழ் இருபது தாள்கள்

ஒளியை ஆள்பவனே கலைஞன் என்பது புகைப்படக்காரரின் கொள்கை. அவர் ஆண்ட இடம் வீட்டின் பின்பக்கக் குளியலறை. ஜன்னலை அடைத்திருந்தது மனைவியின் பழைய கறுப்புப் பாவாடை. மாட்டெலும்பில் காய்ச்சிய ஜெலட்டின் பசையில், வெளிச்சத்துக்கு மாறும் மருந்து கலந்து தாளில் பூசுவார். வெயிலோ டியூப்லைட்டோ பட்டால் பூச்சு பாழ். அதற்காக அடர்மஞ்சள் பல்பு ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்.

"அத்தான், இது பூச்சி அண்டாம இருக்க வாசல்ல போடுற பல்பு," என்றான் எலக்ட்ரீஷியனான மச்சான். "இதுல ஒரு எழவும் தெரியாது. சாதா குண்டு பல்பே போதும். பூசின துண்டு மேல ஒரு காச வச்சு, கொஞ்ச நேரம் பல்புக்கு அடியில விட்டுக் கழுவிப் பாருங்க. காசுத் தடம் விழலைன்னா பயமில்ல."

"கலையும் உனக்கு ஒயரிங்தானா?"

நாளை கண்காட்சி. அழைப்பிதழில் 'ஒளியின் மௌனம்' என்று அச்சாகிவிட்டது; தாளில் படம் இனிமேல்தான் பதிக்க வேண்டும். மூன்று நாளாகக் கொடியில் தொங்கிய இருபது தாள்களை எடுத்துப் பெட்டியில் அடுக்க, மதியம் கதவைத் தாழிட்டார்.

குழாய் சொட்டவில்லை. ஆனாலும் ஈர வாயை யாரோ மெல்லத் திறந்து மூடுவதுபோல், சுவரோரம் மூடாமல் கிடந்த பசைச் சட்டியின் பக்கமிருந்து ஓயாமல் ஒரு சத்தம். அதோடு தொண்டையில் படியும் இனித்த நாற்றம். மஞ்சள் வெளிச்சத்தில் தாளின் இரு பக்கமும் ஒன்றுபோலிருந்தன. எனவே தொழிலின் பழைய வழக்கப்படி, ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்த்தார். ஒட்டினால் பூசிய பக்கம். அங்கங்கே குருணையாக நெருடியது. கரையாத பசை என்று நினைத்துக்கொண்டார்.

இருபதாவது தாள் ஒட்டியது. பிரித்தார். ஏதோ உதட்டிலேயே தங்கியது.

நெளிந்தது.

கை டியூப்லைட் சுவிட்சுக்குப் போய் நின்றது. போட்டால் இருபதும் போச்சு.

"என்னங்க," கதவுக்கு வெளியே மனைவி. "உள்ள என்ன செத்துக் கிடக்கு? கூடம் வரைக்கும் நாறுது."

"கலைக்குன்னு ஒரு வாசனை..." என்று வாயைத் திறந்தார். அது உள்ளே போனது.

சுவிட்சைப் போட்டார்.

வெள்ளை வெளிச்சம். நெருப்பில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது பசைச் சட்டி. வெண்மையாக, நெளிநெளியாக. விளிம்பில் வழிந்து, சுவரில் ஏறி. பெட்டியில் மேல் தாள் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

சந்தேகம் வேண்டாமென்று, ஒவ்வொரு தாளையும் அவர் இரண்டு முறை உதட்டில் வைத்துப் பார்த்திருந்தார்.