மிதித்தால் உதறும் கார்

"இது ரிப்பேர் இல்லண்ணே, கொலை முயற்சி. யார் பண்ணாங்கன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

சலவைக் கடைக்காரி கார் சாவியை மேஜைமேல் போட்ட வேகத்தில் டீ கிளாஸ் ஆடியது. பட்டறை முதலாளி கிளாஸை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தார். கை வைத்தே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவார் என்பதால் ஊருக்கே அவர் 'நாடி'. அவருடைய மச்சானுக்குத்தான் கைகால் பரபரத்தது. டயர் கடையை மூடிவிட்டு அக்கா வீட்டுக்காரரின் பட்டறையில் ஒட்டிக்கொண்ட நாற்பது வயது ஆள் அவன். கொலை என்ற சொல் காதில் விழுந்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரிகளுக்குச் சலவை செய்த விரிப்புகளைக் கொண்டுபோகும் கார் அது. புருஷன் போன பிறகு அவளும் கொழுந்தனும்தான் கடையை நடத்துகிறார்கள். ஆனால் சாவு வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு, வேலை விஷயம் தவிர இருவருக்கும் பேச்சே இல்லை. போன வாரம் ஒரு நாள் கொழுந்தன் காரை இரவல் வாங்கிப் போய் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். மறுநாள் காலையிலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்தாலே கார் குளிர் ஜுரம் வந்ததுபோல் உதறுகிறது.

"நேத்து மேம்பாலத்துல லாரியைத் தாண்டும்போது உதறிச்சுண்ணே. பயத்துல காலை எடுத்துட்டேன். லாரிக்காரன் பிரேக் போட்டதால இன்னிக்கு உங்ககிட்ட பேசிட்டிருக்கேன். பின்சீட்ல என் பொண்ணு."

கூட வந்திருந்த அவளுடைய அண்ணன் பம்ப்செட் ஃபேக்டரியில் ஃபிட்டர். "ஸ்டேஷன்ல தெரிஞ்சவர் இருக்கார். யாரோ கை வச்சிருக்காங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்கே அவனை உள்ள தள்ளிடறோம்" என்றார்.

கொழுந்தன் கம்பி எண்ணுவதைப் பார்க்காமல் தனக்குச் சோறு இறங்காது என்றாள் அவள். மச்சானுக்கு அது நியாயமாகவே பட்டது.

நாடி காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"வீல் பேலன்ஸ்தான் மாமா, கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

"கண்ணைத் திறந்துட்டுச் சொல்லு. வீலா இருந்தா காலை எடுத்தாலும் அந்த வேகத்துல உதறிட்டேதான் இருக்கும். இது எடுத்த உடனே அடங்குது."

"அப்ப பிளக்."

"நிறுத்தி வச்சு ரேஸ் பண்ணிப் பார்த்தேன், எஞ்சின் திணறவே இல்ல. வண்டியை இழுக்கும்போது மட்டும் முன்னும் பின்னும் ஆடுது. ஆடாம அதைப் பிடிச்சுக்கிறது எது?"

"மவுண்ட்டிங்!"

காரைத் தூக்கி நிறுத்தினார்கள். எஞ்சினை வண்டியோடு பிடித்து வைக்கும் ரப்பர் மவுண்ட்டிங் நார்நாராகக் கிழிந்திருந்தது. மச்சான் தொட்டுப் பார்த்தான். பழைய எண்ணெய் ஊறிக் கொழகொழவென்றிருந்தது. எஞ்சினின் அடிப்பக்கமோ துடைத்து வைத்த பாத்திரமாக இருந்தது, எங்கும் ஒரு சொட்டுக் கசிவில்லை.

"வேற வண்டியோட ஓட்டை உடைசலைக் கொண்டுவந்து மாட்டியிருக்கான் மாமா!"

"மெதுவாப் பேசு. போல்ட்டைப் பாரு."

டார்ச் வெளிச்சத்தில் மச்சான் பார்த்தான். மூன்று போல்ட்டும் முறுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் தொடங்கிப் பக்கத்து இரும்புவரை மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. இதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

வெளியே, உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஆடியது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தாமே ஸ்பானரை எடுத்து நட்டுகளை முறுக்கினார். சட்டைப் பையிலிருந்த பெயிண்ட் பேனாவால் ஒவ்வொரு நட்டிலும் ஒரு கோடு போட்டார். உட்கார்ந்து பார்த்துத் திருப்தியானார்.

நாடி கொழுந்தனுக்கு ஃபோன் செய்தார். அவன் வந்து சேர்வதற்குள் மச்சான் புது மவுண்ட்டிங்கை மாட்டி முடித்திருந்தான். கடைக்காரி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். உதறல் துளிகூட இல்லை. ஆனால் வாசலில் கொழுந்தனைப் பார்த்ததும் அவள் முகம் கடுகடுத்தது.

"சார், அந்த ஸ்டூல்ல என்ன கோடு?" என்று அண்ணனிடம் சாவகாசமாகக் கேட்டார் நாடி.

"அது எங்க ஃபேக்டரி பழக்கம். இறுக்கியாச்சுங்கறதுக்கு அடையாளம். கோடு போடலேன்னா இன்ஸ்பெக்ஷன்ல திருப்பி அனுப்பிடுவாங்க. இப்பல்லாம் தூக்கத்துலகூட கை தானாப் போட்டுடும்."

"இந்தப் பட்டறையில யாரும் போடறதில்ல. ஆனா இந்தக் கார்ல கிழிஞ்ச மவுண்ட்டிங்கை மாட்டின கையும் போட்டிருக்கு. மூணு போல்ட்டுலயும்."

அண்ணனின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"இன்னொண்ணு. இந்தம்மா சாகணும்னு நினைச்சவன் போல்ட்டை லூசா விட்டிருப்பான். இவர் நல்லா இறுக்கியிருக்கார். வண்டி உதறணும், தங்கச்சி பயப்படணும், பழி கொழுந்தன் தலையில விழணும். அவ்வளவுதான் கணக்கு. கொழுந்தன் காரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட அன்னிக்கு ராத்திரியே இவர் வேலையை முடிச்சிருக்கார்."

"ஆமா, நான்தான்!" அண்ணன் வெடித்தார். "உன் புருஷன் பொணத்துக்கு முன்னால, அத்தனை சனம் பார்க்க, இவன் என்னைக் கைநீட்டி அறைஞ்சான். அதை மறக்கச் சொல்றியா? உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் பார்த்துப் பார்த்து இறுக்கினேன்மா."

"மேம்பாலத்துல அந்த லாரிகிட்ட சொன்னியா, இறுக்கியிருக்கேன்னு?"

"நான் உன் கூடப்பிறந்தவன்."

"பின்சீட்ல இருந்தவ நான் பெத்தவ."

சாவு வீட்டுக்குப் பிறகு முதல்முறையாக அவள் கொழுந்தனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னிக்கு இவனை எந்தக் கன்னத்துல அடிச்ச?"

"இடது கன்னத்துல, அண்ணி."

அவள் அண்ணனின் வலது கன்னத்தில் ஒன்று விட்டாள். பட்டறையில் வேலை நின்றது. பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன அதே ஸ்டேஷனுக்கு நடந்தாள்.